அணுமின்சாரம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

அணுமின் நிலையங்களின் பாதுகாப்பு, அரசுகளின் கொள்கை, மக்களின் கருத்து பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கே: ஒரு கருத்துக்கணிப்பில் அறுபது சதவீதம் பேர் அணுமின்சாரத்தை ஆதரிப்பதாகப் போடுகிறார்கள். அடுத்த மாதமே இன்னொன்றில் பாதிப்பேர் எதிர்ப்பு என்கிறார்கள். எதை நம்புவது?

ப: இரண்டுமே உண்மையாக இருக்கலாம். சதவீதத்தைப் பார்ப்பதற்கு முன் மக்களிடம் என்ன கேட்டார்கள் என்று தேடிப் படியுங்கள். ‘ஓடிக்கொண்டிருக்கும் உலைகளைத் தொடரலாமா?’, ‘புதிதாகக் கட்டலாமா?’, ‘உங்கள் ஊர்ப்பக்கம் கட்டலாமா?’ என்பவை மூன்று தனித்தனிக் கேள்விகள். முதலாவதற்குக் கிடைக்கும் ஆதரவு பொதுவாக இரண்டாவதற்குக் கிடைக்காது. மூன்றாவதில் இன்னும் சரியும். கேள்விக்கு முன்னால் பருவநிலை மாற்றத்தைச் சேர்த்தால் ஆதரவு ஏறும், கழிவைச் சேர்த்தால் இறங்கும்.

அடுத்து, நடுநிலைப் பதிலுக்கு இடம் இருந்ததா என்று பாருங்கள். ‘ஆம்’, ‘இல்லை’ இரண்டை மட்டும் நீட்டினால், தயங்கிக்கொண்டிருப்பவர் ஏதோ ஒரு பக்கம் சாய்ந்துதான் ஆகவேண்டும். அணுமின்சாரத்தைப் பொறுத்தவரை இந்தத் தயக்கக்காரர்கள் பெருங்கூட்டம். வேறு வழியில்லை என்றால் இருக்கட்டும் என்ற மனநிலையை முழு ஆதரவாக எண்ணிவிடும் அரசுகள், முதல் கோளாறிலேயே அது கரைந்துபோவதைப் பார்க்கின்றன.

ஆயிரம் பேரிடம் கேட்ட கணிப்பில் ஏறத்தாழ மூன்று புள்ளி முன்பின் பிழை இருக்கும். எனவே 52 என்பது 50 ஆகிவிட்டதைச் செய்தியாக்குவது வீண்வேலை. நம்பத்தக்கது, ஒரே நிறுவனம் ஒரே கேள்வியைப் பல ஆண்டுகளாகக் கேட்டுவரும் வரிசை. அமெரிக்காவில் கேலப் நிறுவனத்தின் வரிசையில் 2016-இல் முதன்முறையாக எதிர்ப்பு பாதியைத் தாண்டி 54 சதவீதம் ஆனது. அந்த ஆண்டு பெரிய விபத்து எதுவும் நடக்கவில்லை. எண்ணெய் விலைதான் மலிவாக இருந்தது. 2025-இல் அதே கேள்விக்கு 61 சதவீதம் ஆதரவு வந்தது. எரிபொருள் விலையும் மின்தட்டுப்பாட்டுப் பயமும் இந்த எண்ணை ஆட்டிவைக்கின்றன. ஆண்களைவிடப் பெண்களிடம் ஆதரவு குறைவாக இருப்பது மட்டும் பல நாடுகளில், பல காலமாக மாறவில்லை.

கே: கட்டி முடித்த அணுமின் நிலையத்தை மக்கள் வாக்களித்து ஓடவிடாமலே செய்த நாடு உண்டாமே?

ப: ஆஸ்திரியா. டான்யூப் கரையில் ட்ஸ்வென்டென்டார்ஃப் என்ற இடத்தில் நிலையம் கட்டி முடிந்து நின்றது. 1978 நவம்பர் 5-இல் பொது வாக்கெடுப்பு நடந்தது. வேண்டாம் என்றவர்கள் 50.47 சதவீதம். அடுத்த மாதமே அணுமின்சாரத்தைத் தடைசெய்து சட்டம் வந்தது. தோற்றால் பதவி விலகுவேன் என்ற பொருள்பட, அரசின் தலைவரான சான்சலர் கிரைஸ்கி பேசியிருந்தார். அதனால் உலையைப் பற்றிக் கவலைப்படாத எதிர்க்கட்சி வாக்காளர்களும் ‘வேண்டாம்’ என்று குத்தினார்கள். அவர் விலகவில்லை, மறு ஆண்டுத் தேர்தலில் இன்னும் பெரிதாக வென்றார்.

வாக்கெடுப்பில் எதைக் கேட்கிறார்கள், எப்போது கேட்கிறார்கள் என்பதே பாதி முடிவைத் தீர்மானித்துவிடுகிறது. 1980-இல் ஸ்வீடன் வாக்குச்சீட்டில் மூன்று வழிகளைக் கொடுத்தது. மூன்றும் படிப்படியாக மூடும் வழிகளே. தொடரலாம் என்ற நான்காவது வழி சீட்டில் இல்லை. 2010-க்குள் மூடுவதாக நாடாளுமன்றம் அறிவித்தது. பன்னிரண்டில் ஆறு உலைகள் இன்றும் ஓடுகின்றன. இத்தாலியில் 1987 வாக்கெடுப்பு செர்னோபில் உலை விபத்துக்கு மறு ஆண்டும், 2011 வாக்கெடுப்பு ஜப்பானின் ஃபுகுஷிமா விபத்துக்கு மூன்று மாதம் கழித்தும் நடந்தன. முடிவு என்னவாகும் என்பதில் யாருக்கும் ஐயம் இருந்திருக்காது. தைவானில் 2025 ஆகஸ்டில் வாக்களித்தவர்களில் பெரும்பான்மையினர், மூடிய நிலையத்தை மறுபடி இயக்கலாம் என்றனர். மொத்த வாக்காளர்களில் கால்பங்கு ஆதரவு வேண்டும் என்ற விதியை எட்டாததால் அது செல்லவில்லை.

கே: ஆபத்து என்றால் உலையை நிறுத்திவிட வேண்டியதுதானே? நிறுத்திய உலை எப்படி உருகுகிறது?

ப: கட்டுப்பாட்டுத் தண்டுகள் உள்ளே இறங்கிய சில நொடிகளில் அணுப்பிளவு நின்றுவிடுகிறது. வெப்பம் நிற்பதில்லை. பிளவில் உண்டான புதிய தனிமங்கள் தாமாகச் சிதைந்துகொண்டே இருக்கும். அந்தச் சிதைவு வெப்பத்தை அணைக்க எந்த விசையும் கிடையாது.

1,000 மெகாவாட் மின்சாரம் தரும் உலை உள்ளே ஏறத்தாழ 3,000 மெகாவாட் வெப்பத்தை உண்டாக்குகிறது. நிறுத்திய கணத்தில் அதில் ஆறேழு சதவீதம், அதாவது 200 மெகாவாட் அளவு மிஞ்சும். ஒரு மணி நேரத்தில் அது ஒன்றரை சதவீதமாகவும், ஒரு நாளில் அரை சதவீதமாகவும் இறங்கும். அரை சதவீதம் என்பது 15 மெகாவாட். மணிக்கு இருபது டன் தண்ணீரை ஆவியாக்க அது போதும். அந்தத் தண்ணீரை இடைவிடாமல் ஊட்ட பம்பு ஓட வேண்டும், பம்புக்கு மின்சாரம் வேண்டும்.

2011 மார்ச் 11-இல் ஃபுகுஷிமா டாய்ச்சியில் நிலநடுக்கம் வெளி மின்தொடரை அறுத்தது. உலைகள் ஒழுங்காக நின்றன, டீசல் ஜெனரேட்டர்களும் ஒழுங்காக ஓடத் தொடங்கின. ஐம்பது நிமிடம் போல் கழித்து 14, 15 மீட்டர் உயரச் சுனாமி வந்தது. நிலையம் 5.7 மீட்டர் அலையைக் கணக்கில் வைத்துக் காக்கப்பட்டிருந்தது. ஜெனரேட்டர்களில் பெரும்பாலானவையும் மின்பகிர்வுப் பலகைகளும் கீழ்த்தளத்தில் இருந்ததால் மூழ்கின. எரிபொருள் கோல்களின் உறை ஸிர்கோனியக் கலவை. அது மிகையாகச் சூடானால் நீராவியோடு வினைபுரிந்து ஹைட்ரஜனை வெளிவிடும். 1, 3, 4-ஆம் கட்டடங்களில் வெடித்தது அந்த ஹைட்ரஜன்தான். அது அணுகுண்டு வெடிப்பு அன்று. உலை எரிபொருளில் யுரேனியம்-235 மூன்று முதல் ஐந்து சதவீதமே இருக்கும், குண்டுக்கு 90 சதவீத அளவில் வேண்டும்.

அதே வளாகத்தில் 5, 6-ஆம் உலைகள் தப்பின. ஆறாவது உலையின் ஒரு டீசல் ஜெனரேட்டர் காற்றால் குளிர்வது, மேட்டில் இருந்தது, அது மூழ்கவில்லை. நிலநடுக்க மையத்துக்கு இன்னும் அருகில் இருந்த ஓனகாவா நிலையமும் தப்பியது. அதைக் கட்டியவர்கள் தளத்தை 14.8 மீட்டர் உயரத்தில் அமைத்திருந்தார்கள். ஃபுகுஷிமாவை நடத்திய டெப்கோ நிறுவனத்தின் கையிலும் 2008-லேயே ஒரு கணக்கு இருந்தது: அலை 15.7 மீட்டர் வரை எழலாம் என்று. அதன்மேல் எந்த வேலையும் நடக்கவில்லை.

இங்கேதான் கொள்கை வருகிறது. நிலையங்களைக் கண்காணித்த அமைப்பு, அணுமின்சாரத்தை வளர்க்கும் பொறுப்புள்ள அமைச்சகத்துக்குள்ளேயே இருந்தது. ஜப்பான் நாடாளுமன்றம் அமைத்த விசாரணைக் குழு 2012-இல் இந்த விபத்தை மனிதர்கள் உண்டாக்கிய பேரிடர் என்றே எழுதியது. அதே ஆண்டு தனி ஒழுங்குமுறை ஆணையம் வந்தது. எந்த நாடானாலும் நாங்கள் முதலில் பார்ப்பது இதைத்தான்: உலையை நிறுத்தச் சொல்லும் அதிகாரி யாரிடம் சம்பளமும் பதவி உயர்வும் பெறுகிறார்?

கே: நிலக்கரிப் புகையில் சாகிறவர்களே மிக அதிகம் என்று புள்ளிவிவரம் சொல்கிறது. ஆனாலும் மக்கள் அணு உலைக்குத்தான் பயப்படுகிறார்கள். இது அறியாமை இல்லையா?

ப: இல்லை. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு எத்தனை உயிர் என்று கணக்கிட்டால் நிலக்கரிதான் பன்மடங்கு கொடியது; அதில் தகராறு இல்லை. ஆனால் மக்கள் இறப்பு எண்ணிக்கையை மட்டும் வைத்து ஆபத்தை எடைபோடுவதில்லை. உளவியலாளர் பால் ஸ்லோவிக் 1987-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. கண்ணுக்குத் தெரியாதது, தானாகத் தேர்ந்தெடுக்காதது, தன் கட்டுப்பாட்டில் இல்லாதது, ஒரே நாளில் பேரழிவாக மாறக்கூடியது, அடுத்த தலைமுறையைத் தொடுவது ஆகிய குணங்கள் ஒரு ஆபத்தில் சேரச் சேர அச்சம் கூடுகிறது. அணு உலையில் இவை அனைத்தும் ஒன்றுசேர்கின்றன. அத்தோடு, சொல்கிறவரை நம்பலாமா என்ற கேள்வியும் இருக்கிறது. அதற்குக் காரணம் வரலாறு.

செர்னோபில் உலை வெடித்தது 1986 ஏப்ரல் 26 அதிகாலையில். பக்கத்து நகரமான பிரிப்யாட் மக்களை வெளியேற்ற முப்பத்தாறு மணி நேரம் ஆனது. சோவியத் அரசு உலகுக்கு அறிவித்தது 28-ஆம் தேதி மாலை. அதுவும் ஸ்வீடனின் ஃபோர்ஸ்மார்க் நிலையத்தில் கதிரியக்கம் பதிவாகிக் கேள்விகள் எழுந்த பிறகு. அந்த நாட்களில் புல்லில் படிந்த அயோடின்-131 மாட்டுப்பாலுக்குள் வந்தது. அதன் அரைவாழ்வு எட்டு நாள். சில வாரங்கள் அந்தப் பாலைத் தவிர்த்திருந்தால் குழந்தைகளின் தைராய்டுக்குப் போன அளவில் பெரும்பகுதியைத் தடுத்திருக்கலாம். சொல்லாததால் குடித்தார்கள். அப்போது பதினெட்டு வயதுக்குள் இருந்தவர்களில் 2005 வரை 6,000-க்கும் மேற்பட்ட தைராய்டு புற்றுநோய்கள் பதிவாயின. அதில் கணிசமான பங்கு இந்தக் கதிர்வீச்சால் வந்தது. பெரும்பாலோர் சிகிச்சையால் பிழைத்தார்கள் என்பது ஆறுதல், மன்னிப்பு ஆகாது.

அச்சத்தால் எடுக்கும் முடிவுகளும் கொல்லும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஃபுகுஷிமா மாகாணத்தில் இடப்பெயர்வின் அலைச்சல், மருந்து கிடைக்காமை, முதியோர் இல்லங்களை அவசரமாகக் காலிசெய்தது போன்றவற்றால் நேர்ந்த இறப்புகள் 2,000-ஐத் தாண்டின. படுக்கை நோயாளிகளை வண்டி, செவிலியர், சேரும் இடம் மூன்றும் உறுதியாகாமல் நகர்த்தக் கூடாது. அதுவரை கதவு ஜன்னல்களை அடைத்து உள்ளே வைத்திருப்பதே பல நேரங்களில் பாதுகாப்பு.

கே: விபத்து நேர்ந்தால் அயோடின் மாத்திரை சாப்பிட்டால் போதுமா? எவ்வளவு, எப்போது?

ப: அது தைராய்டைக் கதிரியக்க அயோடினிடமிருந்து மட்டும் காக்கும். சீசியம் போன்ற மற்ற கதிரியக்கப் பொருள்களுக்கும் உடலுக்கு வெளியிலிருந்து படும் கதிர்வீச்சுக்கும் அதனால் பயனில்லை.

மாத்திரையில் இருப்பது பொட்டாசியம் அயோடைடு. அதன் அளவுகள்: பெரியவர்களுக்கும் பன்னிரண்டு வயதைத் தாண்டிய பிள்ளைகளுக்கும் 130 மில்லிகிராம், மூன்று முதல் பன்னிரண்டு வயது வரை 65, ஒரு மாதம் முதல் மூன்று வயது வரை 32, பிறந்து ஒரு மாதம் ஆகாத சிசுவுக்கு 16. பொதுவாக ஒரே ஒரு முறை. கதிரியக்கக் காற்று வந்து சேர்வதற்கு முந்தைய 24 மணி நேரத்துக்குள்ளோ, வந்த இரண்டு மணி நேரத்துக்குள்ளோ எடுத்தால் முழுப் பலன். எட்டு மணி நேரம் வரை ஓரளவு பலன். 24 மணி நேரம் கழிந்த பிறகு எடுப்பது நன்மையைவிடக் கெடுதலே. ஆகவே அதிகாரிகள் சொல்லும் நேரத்துக்குக் காத்திருங்கள். குழந்தைகள், கர்ப்பிணிகள், பாலூட்டுவோர் முதலில். நாற்பதைத் தாண்டியவர்களுக்குத் தேவை குறைவு. தைராய்டு கோளாறோ அயோடின் ஒவ்வாமையோ உள்ளவர்கள் மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

ஃபுகுஷிமா விபத்துக்குப் பிறகு, அயோடின் சேர்த்த உப்பு காக்கும் என்று நம்பி 2011-இல் சீனாவில் உப்புப் பொட்டலங்களுக்கு அடிதடி நடந்தது. 130 மில்லிகிராம் மாத்திரை ஒன்றில் உள்ள 100 மில்லிகிராம் அயோடினை, கிலோவுக்கு 30 மில்லிகிராம் அயோடின் சேர்த்த உப்பிலிருந்து பெற மூன்று கிலோவுக்கு மேல் தின்ன வேண்டும். காயத்துக்குப் போடும் அயோடின் திரவத்தைக் குடிப்பது நஞ்சு.

கே: செய்தியில் ‘இத்தனை லட்சம் பெக்கரல் கசிந்தது’ என்கிறார்கள். அது அதிகமா, குறைவா?

ப: அந்த எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. பெக்கரல் என்பது நொடிக்கு ஓர் அணுச் சிதைவு. மிகச் சிறிய அலகு. எந்தத் தனிமம், எத்தனை லிட்டரில், மனித உடலில் எத்தனை மில்லிசீவர்ட் (உடல் ஏற்கும் கதிர்வீச்சின் அளவு) என்று கேளுங்கள். இயற்கையிலிருந்தே ஒருவர் ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் பெறுகிறார். அணுத்தொழில் பொதுமக்களுக்குக் கூடுதலாகத் தரக்கூடிய உச்சவரம்பு ஆண்டுக்கு 1. நிலையத் தொழிலாளிக்கு, ஐந்தாண்டுச் சராசரியாக, ஆண்டுக்கு 20.

ஃபுகுஷிமாவின் சுத்திகரித்த நீரை 2023 ஆகஸ்ட் 24 முதல் கடலில் விடுகிறார்கள். லிட்டருக்கு 1,500 பெக்கரலுக்கு மேல் ட்ரிட்டியம் (கதிரியக்க ஹைட்ரஜன்) இருக்கக் கூடாது என்பது வரம்பு. குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவே 10,000. எண்ணைப் பார்த்தால் கவலைக்கு இடமில்லை. ஆனால் தொட்டிகளில் ட்ரிட்டியம் மட்டுமே மிச்சம் என்று மக்கள் நினைத்திருந்த நேரத்தில், பெரும்பகுதி நீரில் வேறு தனிமங்களும் வரம்பை மீறி இருப்பது 2018-இல் வெளியானது. அந்த நீரை மறுபடி சுத்திகரித்த பிறகே விடுகிறார்கள் என்றாலும், மீனவர்களின் புரிதலைப் பெறாமல் நீரை அகற்ற மாட்டோம் என்று 2015-இல் கொடுத்த வாக்கும் இருக்கிறது. மீனவர்களின் எதிர்ப்பு அந்த இடத்திலிருந்து வருகிறது.

கே: கழிவை என்ன செய்வது என்று எந்த நாட்டுக்குமே தெரியாது என்கிறார்களே?

ப: தொழில்நுட்பம் தெரியும். எங்கே புதைப்பது என்பதற்கு ஊர்மக்களின் சம்மதம் பெறுவதுதான் பலருக்கும் தெரியவில்லை.

1,000 மெகாவாட் உலை ஆண்டுக்கு 25 முதல் 30 டன் வரை எரிந்த எரிபொருளைத் தள்ளும். முதலில் ஐந்து ஆண்டுகளாவது நீர்த்தொட்டியில் குளிர வேண்டும். பிறகு எஃகும் கான்கிரீட்டும் சேர்ந்த உலர் பெட்டகங்களில் பல பத்தாண்டுகள் நிற்கலாம். நிரந்தர வழி, ஆழ்நிலப் புதைப்பு. ஃபின்லாந்தின் ஒல்கிலுவோட்டோவில் ஓங்கலோ சுரங்கம் 400 மீட்டருக்கும் கீழே, பழம்பாறைக்குள் குடையப்பட்டிருக்கிறது. வார்ப்பிரும்புச் சட்டத்துக்குள் எரிபொருள், அதைச் சுற்றி ஐந்து சென்டிமீட்டர் செம்பு உறை, அதைச் சுற்றி பென்டோனைட் களிமண். நீர் பட்டால் இந்தக் களிமண் உப்பி இடைவெளிகளை அடைத்துவிடும். எல்லாவற்றுக்கும் வெளியே பாறை.

ஃபின்லாந்து 1983-லேயே கால அட்டவணை போட்டது. பல இடங்களை ஆராய்ந்தது. 1987 சட்டம் உள்ளூராட்சிக்கு வேண்டாம் என்று சொல்லும் முழு உரிமையைக் கொடுத்தது. அதை மேலிருந்து யாரும் மீற முடியாது. அந்த உரிமை கையில் இருந்த, ஒல்கிலுவோட்டோ அடங்கிய எவ்ராயொக்கி ஊராட்சி ஏற்றுக்கொண்டது. 2001-இல் நாடாளுமன்றம் ஒப்பியது, 2015-இல் கட்டுமான உரிமம் வந்தது.

அமெரிக்கா எதிர்த்திசையில் நடந்தது. 1982 சட்டம் பல இடங்களை ஒப்பிடச் சொன்னது. 1987-இல் அதைத் திருத்தி, ஒரு வணிக உலைகூட இல்லாத நெவாடாவின் யுக்கா மலையை மட்டும் ஆராயச் சொன்னார்கள். 2002-இல் மாநில ஆளுநர் மறுத்ததையும் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் தள்ளுபடி செய்தது. 2010-இல் திட்டத்தைக் கைவிட மத்திய அரசே முடிவெடுத்தது. 1998-க்குள் கழிவை எடுத்துக்கொள்வதாக அரசு ஒப்பந்தம் போட்டிருந்ததால், மின்நிறுவனங்களுக்கு இன்றும் இழப்பீடு கொடுத்துக்கொண்டிருக்கிறது. ஜெர்மனியில் 1977-இல் அரசியல் முடிவாகத் திணித்த கோர்லேபன் என்ற இடம், நாற்பதாண்டுப் போராட்டத்துக்குப் பிறகு 2020-இல் பட்டியலிலிருந்தே நீங்கியது. மறுக்கும் உரிமை கொடுத்தால் எல்லாரும் மறுத்துவிடுவார்கள் என்ற பயம் அரசுகளுக்கு இருக்கிறது. நடந்தவை அதற்கு நேர்மாறாகச் சொல்கின்றன.

கே: அணுமின்சாரம் ஏன் இவ்வளவு செலவாகிறது?

ப: எரிபொருள் செலவு சிறிது, கட்டுமானமும் வட்டியும்தான் பெரிது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நூறு கோடியை ஆண்டுதோறும் சமமாகச் செலவழித்து ஆறு ஆண்டில் கட்டினால், எட்டு சதவீத வட்டியில் முடியும்போது கடன் 122 கோடி. அதே வேலை பன்னிரண்டு ஆண்டு இழுத்தால் 158 கோடி. வட்டி மூன்று சதவீதமாக இருந்தால், பன்னிரண்டு ஆண்டு இழுத்தும் 118 கோடிதான். பணத்தை யார், எந்த வட்டிக்குத் தருகிறார்கள் என்ற அரசு முடிவு, உலையின் வடிவத்தைவிடக் கட்டணத்தைத் தீர்மானிக்கிறது.

பிரான்ஸின் ஃப்ளமன்வில் மூன்றாம் உலை 2007-இல் தொடங்கி 2024 டிசம்பரில்தான் மின்தொடரில் இணைந்தது, 3.3 பில்லியன் யூரோ என்ற மதிப்பீடு 13 பில்லியனைத் தாண்டியது. வரைபடம் முழுமையாகாமல் கான்கிரீட் போடத் தொடங்குவது, பல ஆண்டு கட்டாமல் இருந்து கைப்பழக்கம் போன வெல்டர்கள், நடுவில் மாறும் விதிகள் இவைதான் இத்தகைய தாமதங்களின் வழக்கமான காரணங்கள். கட்டும்போதே நுகர்வோரிடம் பணம் வசூலிக்கும் முறை வட்டியைக் குறைக்கும். ஆனால் தென் கரோலினாவின் வி.சி. சம்மர் திட்டம் 2017-இல் ஏறத்தாழ ஒன்பது பில்லியன் டாலர் செலவானபின் கைவிடப்பட்டபோது, ஒரு யூனிட்கூட வராத நிலையத்துக்கு மக்கள் பணம் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

கே: ஜெர்மனி தன் அணு உலைகளையெல்லாம் மூடியது சரியா?

ப: நிலக்கரி நிலையங்கள் ஓடிக்கொண்டிருக்கும்போது உலைகளை முதலில் மூடிய வரிசை தவறு என்பது எங்கள் கருத்து. கடைசி மூன்றும் 2023 ஏப்ரல் 15-இல் நின்றபோது, கருத்துக்கணிப்பில் பெரும்பான்மையினரே மூடுவதை ஏற்கவில்லை. ஆனால் அதற்குள் புதிய எரிபொருளுக்கு ஆணை கொடுக்கப்படவில்லை. பத்தாண்டுக்கு ஒருமுறை செய்யும் பாதுகாப்பு ஆய்வு, மூடப்போகிறோம் என்பதால் தள்ளிவைக்கப்பட்டிருந்தது. மக்கள் மனம் ஓராண்டில் மாறலாம், உலையின் தயார்நிலை அவ்வளவு விரைவில் மாறாது.

கே: எங்கள் பகுதியில் அணுமின் திட்டத்துக்குக் கருத்துக்கேட்புக் கூட்டம் வரப்போகிறது. என்ன கேட்க வேண்டும்?

ப: ஆதரிப்பவரும் எதிர்ப்பவரும் கேட்க வேண்டியவை இவை. எல்லாவற்றையும் எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்குங்கள். பதிலும் எழுத்தில் வேண்டும் என்று கேளுங்கள்.

எத்தனை மீட்டர் வெள்ளத்துக்கு, எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை வரும் நிலநடுக்கத்துக்கு வடிவமைத்திருக்கிறார்கள்? அந்த எண் கடைசியாக எப்போது திருத்தப்பட்டது? வெளி மின்சாரமும் டீசல் ஜெனரேட்டர்களும் ஒருசேரப் போனால் எத்தனை மணி நேரம் உலை தாங்கும்? ஜெனரேட்டர்கள் எந்த உயரத்தில் இருக்கின்றன? எரிந்த எரிபொருள் தொட்டியில் எத்தனை ஆண்டுகளுக்கு இடம் இருக்கிறது, நிறைந்தபின் எங்கே போகும்? நிலையத்தைக் கலைக்கும் செலவுக்கான நிதி நிறுவனத்தின் கணக்கில் இருக்கிறதா, தனி நிதியாக ஒதுக்கப்பட்டிருக்கிறதா? விபத்து இழப்பீட்டுக்கு உச்சவரம்பு எவ்வளவு, அதற்கு மேல் யார் தருவார்கள்?

வெளியேற்றத் திட்டத்தின் வரைபடத்தைக் கேளுங்கள். படுக்கை நோயாளிகள், பள்ளிகள், இரவு நேரம் மூன்றும் அதில் இருக்கின்றனவா என்று பாருங்கள். கடைசி ஒத்திகை எந்தத் தேதியில் நடந்தது, அதில் என்னென்ன பிசகின என்ற அறிக்கையையும் கேளுங்கள். எதுவுமே பிசகவில்லை என்று எழுதியிருந்தால் அந்த ஒத்திகை ஒழுங்காக நடக்கவில்லை. கதிர்வீச்சு அளவிகளின் பதிவை நிலையத்தார் வழியாக அல்லாமல் நேரடியாக மக்கள் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். திட்ட அறிக்கை, கூட்டத்துக்குக் குறைந்தது ஒரு மாதம் முன்னதாகவாவது உங்கள் மொழியில், முழுமையாகக் கைக்கு வர வேண்டும். சுருக்கம் மட்டும் கொடுத்தால், கூட்டத்தைத் தள்ளிவைக்கக் கோரி அன்றே மனு கொடுங்கள்.